அம்மாவின் கைநாட்டு

மெத்தைக் கடையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். கடைக்காரர்கள் முதலில் வைத்தார்களா, அக்கா வைத்தாளா என்ற வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். ஆனால் வெறும் வாயாடி இல்லை. உள்ளே நுழைகிறவர் இடுப்பில் கை வைக்கிறாரா, கழுத்தைத் தேய்க்கிறாரா, புதிதாகக் கல்யாணம் ஆனவரா, மகன் வாங்கித் தரும் மெத்தைக்காக வந்த பெரியவரா என்று ஒரே பார்வையில் எடை போட்டு, ஆளுக்குத் தகுந்த கதையை எடுத்துவிடுவான். இடுப்பு வலிக்காரர் என்றால், எழுந்து உட்காரவே முடியாமல் இருந்து, இதே மெத்தையில் படுத்து, இப்போது மாடிப்படி ஏறுகிற அவனுடைய சித்தப்பாவின் கதை. அவனுக்குச் சித்தப்பாவே கிடையாது.

அவனுக்கு ஆசிரியராகும் எண்ணம் வந்ததற்குப் புனிதமான காரணம் எதுவும் இல்லை. காலையிலிருந்து கடை மூடும்வரை நின்று நின்று குதிகால் வெடித்துப்போயிருந்தது. ஒரு விடுப்பு நாளில், எதிர்வீட்டு வாத்தியார் நாலு மணிக்கெல்லாம் வீடு திரும்பிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கோடையில் அவருக்கு மாதக்கணக்கில் விடுமுறை என்பதும் நினைவுக்கு வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், "மெத்தை விக்கிறாராம்" என்று உள்ளறையில் யாரோ சொல்ல, யாரோ களுக்கென்று சிரித்ததும் மனதில் தைத்துக் கிடந்தது. எல்லாமாகச் சேர்ந்து, பெட்டிக்குள் தூங்கிய பட்டத்தைத் தூசி தட்டி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறையில் வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்க ஊராருடைய கோழிக் கிறுக்கல்களைப் படித்து முகவரிவாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளை எடுத்தால் ஏல அறிவிப்புவரை ஒரு வரி விடமாட்டாள்.

"ஏண்டா, உனக்கு யாருக்காவது சொல்லித் தர்ற பொறுமை இருக்கா?"

"அதெல்லாம் அங்க போனா வந்துடும்மா."

"வந்தா சரி" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

நேர்காணல் நாளில் கல்லூரித் தாழ்வாரத்து மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு முன்னால் உள்ளே போன ஒல்லிப் பெண் போன வேகத்தில் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஏன் டீச்சர் ஆகணும்னு கேட்டாங்க. குழந்தைங்கன்னா பிடிக்கும்னு சொன்னேன். பூனைக்குட்டியும்தான் எல்லாருக்கும் பிடிக்கும்னு முதல்வர் சொல்லிட்டாங்க."

சரக்கைக் காட்டத் தெரியாத பெண் என்று அவன் மனதுக்குள் நினைத்துக்கொண்டான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர். நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய பெண்மணி. காலையிலிருந்து சேவை, லட்சியம், நாளைய தலைமுறை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம். அதை அவன் பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டான். இவருக்குப் பெரிய வார்த்தை விலைபோகாது. கண்ணில் நிற்கிற மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும்.

"ஏன் ஆசிரியராகணும்னு நினைக்கிறீங்க?"

"எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்பிப் போக வழி இல்லை. போக அவன் விரும்பவும் இல்லை. வீட்டுக்குக் கடிதம் வந்தால் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை காத்திருப்பாள் என்றான். பேருந்தில் ஏறுமுன் எந்தப் பேருந்து என்று நாலு பேரிடம் கேட்பாள் என்றான். சின்ன வயதில் அவனுடைய மதிப்பெண் அட்டையில் அம்மா கைநாட்டு வைத்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது என்றும், அன்று சாயங்காலம் அவளுக்கு எழுத்துச் சொல்லித்தர உட்கார்ந்தபோது அவள் வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள் என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் கண்ணே கலங்கியது. அதுதான் அவனுடைய திறமை. தன் சரக்கை முதலில் தானே வாங்கிவிடுவான்.

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் கிடைத்துவிட்டது.

வீட்டில் அம்மா கேட்டாள். "நீ என்னடா பதில் சொன்ன?"

"சேவை செய்யணும்னு சொன்னேன்."

"நீயா? சாப்பிட்ட தட்டைக் கழுவி வெக்க மாட்ட" என்று அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

வகுப்புகள் தொடங்கின. மெத்தைக் கடைக்கு முழுக்குப் போட்டான். ஒல்லிப் பெண்ணுக்கும் மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைத்து, அவனுக்குப் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெற்றோர் கூட்டம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அன்றே முதல்வர் அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"உங்க அம்மாவக் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

"அம்மாவுக்கு முட்டி வலி மேடம்."

"மெதுவா கையப் புடிச்சு பஸ்ல கூட்டிட்டு வாங்க."

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தான். ஊருக்கெல்லாம் ஓயாமல் ஒலிபரப்பிய ரேடியோ, அடுப்படி வாசலில் போய் நின்றதும் கரகரத்து நின்றுவிட்டது. அம்மாவோ, அக்கா வாங்கித் தந்த புதுக் கைப்பையைத் துடைத்து வைத்துக்கொண்டு, பிள்ளை படிக்கும் இடத்தைப் பார்க்கப் போகிற பூரிப்பில் இருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வந்துவிடலாம் என்று அவன் தனக்குத்தானே ஒரு மெத்தையை விற்றுக்கொண்டான்.

அரங்க வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அம்மா கைப்பையில் கண்ணாடியைத் தேடினாள். அவன் பாய்ந்து பேனாவைப் பிடுங்கினான். "நான் போடறேம்மா."

"எனக்கென்னடா, கை இல்லையா?"

அதற்குள் முதல்வர் வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்கம்மா. பஸ்ஸெல்லாம், கண்டுபிடிச்சு, வந்துட்டீங்களா?" என்று ஒவ்வொரு சொல்லாக, உரக்கக் கேட்டார். அந்த அம்மாளுக்குக் காது மந்தம்போல என்று எண்ணி அம்மாவும் உரக்கவே, "வந்துட்டோம்!" என்றாள்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முதல்வர் மேடையேறிப் பேசத் தொடங்கினார். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் நாலு பேரிடம் கேட்பதைச் சொன்னார். அம்மா உச்சுக் கொட்டினாள். "ஐயோ பாவம்டா" என்று அவன் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தாள். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"அந்த மகன் இன்னிக்கு நம்ம மாணவர். அந்தத் தாய், இதோ, முன்வரிசையில உக்காந்திருக்காங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அம்மாவும் யாரென்று பார்க்கத் திரும்பினாள். எல்லாருடைய கண்ணும் தன்மேல்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. பிறகு மகனைப் பார்த்தாள். பூமி பிளந்து அவனை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பான். அவள் கைப்பையை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து மேடையேறினாள்.

மேடையில் விருந்தினர் புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்தில் மைப்பெட்டி. அதற்கும் பக்கத்தில், மூடி திறந்த ஒரு பேனா.

"இந்தக் கைநாட்டு நம்ம கல்லூரியில நாம வாங்கற கடைசிக் கைநாட்டா இருக்கட்டும்" என்றார் முதல்வர்.

அம்மா பேனாவைப் பார்த்தாள். பார்த்தது அவனுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு வலக்கைக் கட்டைவிரலை நீட்டினாள். குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல முதல்வரே அதைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அத்தனை பேரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாயிருக்காதே என்று அவனும் தட்டினான். பின்னாளில் அவனுக்குத் தூக்கத்திலும் உடல் கூசியது இதை நினைத்துத்தான்: அவனும் தட்டினான்.

வீடு திரும்பும் பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு கழுவியும் போகாத நீலம் விரல் இடுக்கில் தெரிந்தது. கூட்டம் குறைந்து பக்கத்து இருக்கை காலியானதும் அவன் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது?"

"அம்மா..."

"இல்ல, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு கேட்டேன். நாளைக்கு வேலைக்குப் போகணுமே."

"பேனா பக்கத்துலயே இருந்துச்சேம்மா. ஏன் கைநாட்டு வெச்ச?"

"கையெழுத்துப் போட்டா அத்தனை பேர் முன்னாடி உன் மானம் போகும். சரி, என் மானம்தானே, போகட்டும்னு வெச்சேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கை கழுவப் போன இடத்துல ஒரு பொம்பள வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. 'நீங்களாவது தைரியமா மேடையில வெச்சீங்கக்கா. நான் வாசல்ல அந்த நோட்டப் பாத்ததும் பாத்ரூம் தேடற மாதிரி நழுவிட்டேன்'னு அழறா. தையல் வேலையாம். சனிக்கிழமை எழுத்து வகுப்பு நடத்தப் போறாங்களாமே, நீங்க வந்தா நானும் வரேன், தனியா வர வெக்கமா இருக்குங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வரேன்னு சொல்லிட்டேன்."

பேருந்து ஒரு திருப்பத்தில் குலுங்கியது.

"அவ யாரு தெரியுமா? உன் பக்கத்துல உக்காருதே ஒல்லியா ஒரு பொண்ணு, அதோட அம்மா."

அவனுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவன் இட்டுக்கட்டிய கதை அந்தப் பெண்ணின் வீட்டில் நிஜமாக இருந்திருக்கிறது. அவள் அதைக் கடைவிரிக்கவில்லை. குழந்தைகளைப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி, அவமானப்பட்டு வெளியே வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார் முதல்வர். கல்லூரியை ஒட்டிய மாதிரிப் பள்ளியில் காலி வகுப்பறை, குழந்தைகளுக்கான குட்டைப் பெஞ்சு, அதில் அம்மாவும் தையற்காரம்மாவும். அவன் தன் பாணியில் ஆரம்பித்தான். எழுத்துக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு நகைச்சுவை. தையற்காரம்மா மரியாதைக்குச் சிரித்தாள்; பென்சில் நகரவில்லை. அம்மா வேண்டுமென்றே கொம்பை மாற்றிப் போட்டாள். துணைக்காலை எழுதவே மறந்தாள்.

"இல்லக்கா, கொம்பு இந்தப் பக்கம்" என்று தையற்காரம்மா எட்டிப் பார்த்துத் திருத்தினாள். திருத்தும்போது அவள் முதுகு நிமிர்ந்தது.

வீட்டில் அம்மா அவனிடம் அளவாகத்தான் பேசினாள். ஆனால் ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். "அவ எழுத ஆரம்பிக்கும்போதெல்லாம் நீ வாயத் தொறக்கற. நீ வாயத் தொறந்ததும் அவ கை நின்னுடுது. கவனிச்சியா?"

அவன் கவனித்திருக்கவில்லை. வாடிக்கையாளரின் இடுப்பையும் கழுத்தையும் அளந்தவன், இந்த அம்மாளின் கையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு பார்த்தான். ஊசி பிடித்துப் பழகிய கை, பென்சிலை நுனிக்கு மிக அருகில் பிடித்திருந்தது. அதனால் எழுதுகிற எழுத்தை அவளுடைய விரல்களே அவளுக்கு மறைத்தன. அவன் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைச் சற்று மேலே தள்ளிக் கொடுத்தான். அவள் எழுதினாள். தன் கையிலிருந்து வந்ததைத் தானே பார்த்து, "அட" என்றாள்.

அந்த "அட" அவனை என்னவோ செய்தது. ஆயிரம் பேருக்கு மெத்தை விற்றபோது வராத ஏதோ ஒன்று மார்புக்குள் வந்து உட்கார்ந்தது. நாலு மணிக்கு வீட்டுக்குப் போவதையும் கோடை விடுமுறையையும் மறந்து, இதைத்தான் செய்யவேண்டும் என்று அவன் முதல்முறையாக ஆசைப்பட்டான். ஆசை வந்த கையோடு வெட்கமும் வந்தது. திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு, அது தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கண்ணாடியில் பார்ப்பதைப் போலிருந்தது. பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்து, தெரிந்த எழுத்தைத் தெரியாதவள்போல எழுதிக்கொண்டிருந்தாள்.

வாரங்கள் போயின. தையற்காரம்மா கூட்டிக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். வெளியூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, முகவரியைத் தானே எழுதி, தன் கையாலேயே போட வேண்டும் என்று தபால் நிலையத்துக்குப் போனாள். காற்றுக்காகக் கடிதம் பிரிக்கும் அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, இடக்கையில் ஒரு கட்டு உறைகளைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணோட்டம் விட்டு சுவரடுக்கின் அறை அறையாக வீசிக்கொண்டிருந்தாள், அவள் அக்கா என்று கூப்பிட்ட அம்மா. நிமிர்ந்த அம்மாவும் அவளைப் பார்த்தாள். அம்மா எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். அட்டையைப் பெட்டியில் போட்டாளா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா மட்டும் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு நேரம் முழுக்க இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஒல்லிப் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்கு மாறிப்போனாள். அவனைத் திட்டவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அவன் நேராக முதல்வர் அறைக்குப் போனான். சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தே போனான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகவே வந்தது.

"எங்க அம்மா தபால் நிலையத்துல வேலை பாக்கறாங்க மேடம். எழுதப் படிக்க நல்லாத் தெரியும். நான் இடத்துக்காகப் பொய் சொன்னேன்."

முதல்வர் எழுந்து அலமாரியிலிருந்து விருந்தினர் புத்தகத்தை எடுத்து, நீலக் கைநாட்டு இருந்த பக்கத்தைப் பிரித்தார். அவர் கத்துவார் என்றுதான் அவன் எதிர்பார்த்து நின்றான்.

"பேனா அங்கயே இருந்தது, இல்ல?" என்றார் கடைசியில். "நான் அவங்கள ஒரு வார்த்தை கேக்கல. நானே விரலப் புடிச்சு அழுத்தினேன். நிஜமாவே தெரியாதவங்களா இருந்திருந்தாலும் நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அது என் வெக்கம். அத நான் பாத்துக்கறேன். உங்க இடம் போயிடும். அது வேற விஷயம்."

"சரி மேடம்."

"அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம். தடுக்க மாட்டேன். சிபாரிசும் பண்ண மாட்டேன்."

அவன் மெத்தைக் கடைக்கே திரும்பிப் போனான். முதலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாத்தியார் வேலை அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அவன் அசடு வழிந்தபடி தலையணைகளை அடுக்கப் போனான். சித்தப்பா கதையை அதன்பிறகு அவன் எடுக்கவே இல்லை. வியாபாரம் கொஞ்சம் படுத்தது.

விடுப்பு நாளில் தையற்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனான். சந்துக்குள் கடைசி வீடு. முன்னறையை அடைத்துக்கொண்டு தையல் இயந்திரம். சுவரில் ஆணி ஆணியாக, முடிச்சுப் போட்ட நூல்கள் தொங்கின. ஒல்லிப் பெண் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாளே தவிர, வா என்று சொல்லவில்லை.

தையற்காரம்மா இயந்திரத்தை நிறுத்தவில்லை. சட்டைக் கையை ஒரு சுற்று அடித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உங்கம்மா வந்துட்டுப் போனாங்க. மன்னிச்சுக்கன்னாங்க. நான் அவங்களுக்குத் திருத்திச் சொன்னேனே தம்பி. கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம்னு. அப்பல்லாம் மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்களே. அது ஒண்ணுதான் எனக்குப் பொறுக்கல."

"அம்மா சிரிக்கல. சத்தியமா சிரிக்கல. வீட்டுக்கு வந்து என்கூடச் சரியாப் பேசக்கூட மாட்டாங்க." அவன் தன்னையே சுட்டிக்காட்டினான். "சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க."

"சிரிக்கற மாதிரியா பண்ணி வெச்சிருக்க?"

கதவோரம் நின்ற மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "எங்கம்மாவப் பத்தி நான் அங்க சொல்லிருந்தா எனக்காகவும்தான் கண் கலங்கியிருப்பாங்க. சொல்லத் தோணல. எங்கம்மா எங்கம்மாதானே, அத எதுக்கு அங்க கொண்டு போய் வெக்கணும்?"

அவன் தரையில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கல்லூரியில இருந்து என்னை எடுத்துட்டாங்க" என்றான். "அதுக்காக வரல. நீங்க பாதியில நிக்கறீங்க. நானே வந்து சொல்லித் தரட்டுமா? கடை லீவு விடற நாள்ல மட்டும். எங்கயும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் காட்ட மாட்டேன்."

தையற்காரம்மா மகளைப் பார்த்தாள். மகள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு தையற்காரம்மா எழுந்து சுவரிலிருந்து ஒரு நூலை எடுத்துவந்தாள்.

"இது ஒருத்தரோட சட்டை அளவு. இந்த முடிச்சு தோளு, இது கை, இது கழுத்து. யார் நூல் எதுன்னு எனக்கு ஞாபகத்துலதான் இருக்கு. வயசாகுது, தடுமாறுது. ஒவ்வொண்ணு மேலயும் பேரு எழுதித் தொங்கவிடணும். அதுக்கு என்ன எழுத்தெல்லாம் வேணுமோ அத முதல்ல கத்துக்குடு. கதை வேண்டாம்."

"சரிம்மா."

"உங்கம்மாவையும் வரச் சொல்லு. ஆனா தப்புத்தப்பா எழுதக் கூடாது."

அவன் தரையில் உட்கார்ந்தான். எந்த எழுத்தில் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் அதை இன்னும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருவதற்குள் வெளியே வந்துவிட்டான். முகம் சூடேறியது. ஆனாலும் பேசி மழுப்பவில்லை. "எங்க ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியலம்மா" என்றான். "முதல் நூல் யாரோடது, சொல்லுங்க. அங்கேருந்து பாக்கலாம்."

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அவன் அதைத் தாளில் எழுதாமல், அவள் பென்சிலைப் பிடிக்கும்வரை காத்திருந்தான்.